பழைய புல்லட்டின் கிளட்ச்: வேலையைக் கியர்பாக்ஸ் பக்கமிருந்து தொடங்குங்கள்

வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நாலு ஸ்பீடு, வார்ப்பிரும்பு என்ஜின். உங்கள் புல்லட் இந்த ரகம் என்றால் இங்கே எழுதுவது அப்படியே பொருந்தும். இடது கால் கியர் வந்த 5 ஸ்பீடு வண்டிகளுக்கும் கோளாறுகளின் காரணம் ஏறக்குறைய இதுவேதான். ஆனால் திருகு இருக்கும் இடமும் கழற்றும் முறையும் மாறும்.

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் நான் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிளட்ச் புகாரோடு வருகிற பழைய புல்லட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உடைமைக்காரர் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருப்பார். கைப்பிடியில் லிவர் பக்கத்தில் ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறதே, அதை மரை தீரும் மட்டும் வெளியே திருகியிருப்பார். "கொஞ்ச நாளு நல்லாக் கெடந்து அண்ணாச்சி, இப்பம் மறுபடியும் அதே கததான்" என்பார். கதை மாறாது. அந்த அட்ஜஸ்டர் ரோட்டில் போகும்போது அவசரத்துக்குத் தொட வேண்டியது. ஒழுங்காகச் செட் செய்கிறவன் அதைக் கடைசியில்தான் தொடுவான். வேலை கியர்பாக்ஸ் முனையில் தொடங்கி, கேபிள் வழியாகக் கைப்பிடிக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் பாதி வண்டிகளுக்குச் செயின் கேஸையே (இடது பக்கம் என்ஜின் செயினையும் கிளட்சையும் மூடியிருக்கும் கூடு) திறக்க வேண்டியிருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். புல்லட்டில் கிளட்ச் பிளேட்டுகள் இருப்பது இடது பக்கம், செயின் கேஸுக்குள். நீங்கள் கைப்பிடியில் இழுக்கும் கேபிள் போய்ச் சேருவதோ வலது பக்கம், கியர்பாக்ஸ் மூடிக்குள். அங்கே ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அந்த நெம்பு ஒரு நீளமான ஸ்டீல் ராடைத் தள்ளும். கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் நடுவே துளையுள்ளது. ராட் அந்தத் துளை வழியாக இடது பக்கம் வந்து, மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளும். ஸ்பிரிங்குகள் அமுங்கும், பிளேட்டுகள் பிரியும். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் விடுகிறது, அவ்வளவுதான்.

ஆக, வண்டியில் இரண்டு இடைவெளிகள் உண்டு. ஒன்று, நெம்பில் உள்ள திருகுக்கும் ராடின் முனைக்கும் நடுவே. இன்னொன்று கேபிளில். கைப்பிடியில் நீங்கள் உணர்வது இரண்டும் சேர்ந்த கணக்கு. ராட் பக்கம் இடைவெளி இல்லாமலிருந்தால் கேபிளை எவ்வளவு தளர்த்தினாலும் பிரயோசனமில்லை, பிரஷர் பிளேட் பாதி தள்ளப்பட்டபடியேதான் இருக்கும். ராட் பக்கம் இடைவெளி மிக அதிகமாக இருந்து, அதைக் கேபிளை இறுக்கிச் சரிக்கட்டினால், நெம்பு தன் பயணத்தில் பாதியைச் சும்மா கழித்துவிடும். லிவரைக் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது.

இடைவெளியே இல்லாமல் ஓடும் வண்டியில் நடப்பது வேடிக்கை. ராடின் ஒரு பக்கம் சுற்றுகிறது, மறுபக்கம் சுற்றாத திருகு. இரண்டும் நிரந்தரமாக அழுந்தி உரசினால் முனை காய்ந்து நீலம் பாயும். முனைக்குக் கொடுத்திருக்கும் கடினம் போய்விடும், பிறகு அது வேகமாகத் தேயும். ராட் குட்டையாகும். அதனால் முதலில் ஸ்லிப் ஆன, அதாவது கிளட்ச் நழுவிய வண்டியே சில மாதம் கழித்துக் கிளட்ச் விடாத வண்டியாக வந்து நிற்கும். அடிக்கடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கிறது, திருகும் உள்ளே போய்த் தீர்ந்துவிட்டது என்றால் ராடை உருவி முனையைப் பாருங்கள்.

இந்த அமைப்பு ஆல்பியன் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கியர்பாக்ஸ் காலத்துச் சரக்கு. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்த புல்லட்டிலும் இதுதான். பிறகு திருவொற்றியூரில் செய்த வண்டிகளிலும் பல பத்தாண்டுகள் அடிப்படை மாறவில்லை. அப்பா காலத்து வண்டிக்கும் 90களில் எடுத்த வண்டிக்கும் நான் ஒரே முறையைத்தான் கையாளுகிறேன்.

எந்த நோய்?

கிளட்சுக்குப் பெரிய நோய் இரண்டுதான். ஸ்லிப் ஆவது, விடாமல் இருப்பது. மருந்துகள் நேர் எதிரானவை, ஆகவே மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

ஸ்லிப்பைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத்தில் இயற்கையே ஓர் இடம் கொடுத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் காவல்கிணறு பக்கமிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலைப் பார்த்து வாருங்கள். காற்று முகத்தில் அறையும். டாப் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். மற்ற மாதங்களில் மார்த்தாண்டம் மேம்பால ஏற்றம் போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழி கிக்கர். பழைய புல்லட்டில் நீங்கள் மிதிக்கும் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சுக்குப் போய், அங்கிருந்துதான் என்ஜினுக்குப் போகிறது. நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்பி, டீகம்ப்ரஷரை (கம்ப்ரஷனை விடுவிக்கும் சின்ன லிவர்) தொடாமல் மெதுவாக மிதியுங்கள். கம்ப்ரஷன் வந்ததும் கிக்கர் கால் பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டும். நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, ஆம்பியர் மீட்டர் முள்ளும் அசையவில்லை என்றால் என்ஜின் சுற்றவில்லை, கிளட்ச் நழுவுகிறது. கடகடவென்று சத்தத்தோடு தாவி இறங்கினால் அது கிக்கர் ராட்செட்டின் கோளாறு. கிளட்ச் மேல் பழி போட வேண்டாம்.

விடாத கிளட்ச் வடசேரி பஸ் ஸ்டாண்ட் முன்னால் நிற்கும்போதே தெரிந்துவிடும். லிவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே தள்ளும். ஓடும்போது நியூட்ரல் விழாது, என்ஜினை அணைத்தால் லேசாக விழும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பாருங்கள்: லிவரைப் பிடித்து முதல் கியர் போட்டால் பின்சக்கரம் எண்ணெய்ப் பிசுக்கால் கொஞ்சம் சுற்றுவது சகஜம். பின்பிரேக்கை லேசாக மிதித்ததும் சக்கரம் நிற்க வேண்டும், என்ஜின் ஓட்டம் அமுங்கக் கூடாது. அமுங்கினால் கிளட்ச் விடவில்லை. ஸ்லோ ஸ்பீடைக் கூட்டி வைத்துவிட்டுக் கியர் அடிக்கிறது என்று வருபவர்களும் உண்டு. அதை முதலில் குறைத்துவிட்டுப் பிறகு கிளட்சுக்கு வாருங்கள்.

குதிங்காலால் மிதிக்கும் நியூட்ரல் லிவர் இந்த வண்டியின் அழகான வசதி. முதல் கியர் தவிர மற்ற எதிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரல். அதனாலேயே பலர் கிளட்ச் விடாததை வருஷக்கணக்கில் கவனிக்காமல் ஓட்டுகிறார்கள். கியர் பல்தான் அந்தக் கணக்கைத் தீர்க்கும்.

முதலில் கேபிள்

குளச்சல், முட்டம், மண்டைக்காடு பக்கத்து வண்டி என்றால் வேறு எதையும் யோசிக்காமல் நான் கேபிளைத்தான் பார்ப்பேன். உப்புக்காற்று வெளிக்கூட்டின் வெடிப்பு வழியாக உள்ளே போய்த் துருப்பிடிக்க வைக்கும். லிவர் கனமாக இருக்கிறது, விட்டால் திரும்ப மெதுவாக வருகிறது என்றால் பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு முனையையும் கழற்றி உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். தங்குதடையில்லாமல் ஓட வேண்டும். எங்காவது சொரசொரப்பாகப் பிடித்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைத்த துருக்கேபிள் நடுவழியில்தான் அறும்.

நல்ல கேபிளுக்கு எண்ணெய் போடுவது இப்படி: மேல்முனையில் ஒரு சின்ன பாலித்தீன் உறையைக் கூம்பாகக் கட்டி, அதில் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி, கேபிளை ஆணியில் தொங்கவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கீழ்முனையில் சொட்டியிருக்கும். உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிளுக்கு இது வேண்டாம்.

லிவரின் போல்ட்டையும் கழற்றித் துடையுங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை ரோட்டில் ஓடும் வண்டியில் கிரீஸோடு கருமணல் கலந்து எமரியாக அரைத்திருக்கும். துளை முட்டை வடிவமாகிவிட்டால் லிவர் மேலும் கீழும் ஆடும், அதிலேயே பாதி இழுப்பு போய்விடும். லிவருக்குள் கேபிள் முனையிலுள்ள குமிழான நிப்பிள் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாத நிப்பிளின் கழுத்தில்தான் கம்பி இழை இழையாக அறும்.

கேபிள் டேங்குக்கு அடியில் நசுங்காமல், சிலிண்டரைத் தொடாமல் பெரிய வளைவாகப் போகட்டும். புதிது மாட்டும்போது பழையதில் நல்லதாக ஒன்றை அதன் பக்கத்திலேயே ஓட்டி டேப் சுற்றி வையுங்கள். அறுந்த அன்று டேங்கைக் கழற்ற வேண்டாம், முனைகளை மட்டும் மாற்றினால் போதும்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். காலையில் எடுப்பதற்கு முன் செய்வது உத்தமம். சென்டர் ஸ்டாண்ட், பெரிய திருப்புளி ஒன்று, சரியான அளவு ரிங் ஸ்பேனர், வேஸ்ட் துணி. பழைய வண்டிகளில் இங்கிலாந்து அளவு நட்டும் மெட்ரிக் நட்டும் கலந்து கிடக்கும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலையை மழுக்காதீர்கள்.

கைப்பிடி அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகுங்கள். கேபிளின் கீழ்முனைப் பக்கம் உள்ள அட்ஜஸ்டரையும் அதேபோல. கேபிள் இப்போது தொளதொளவென்று இருக்க வேண்டும். இருந்தால்தான் அடுத்ததாகச் செய்வதற்கு அர்த்தம்.

வலது பக்கம் கியர்பாக்ஸ் மூடியில் ஒரு சிறு மூடி தெரியும். அதைக் கழற்றினால் நெம்பின் திருகும் லாக் நட்டும் கண்ணுக்கு வரும். லாக் நட்டைத் தளர்த்துங்கள். திருகை விரல் நுனியால் திருப்புகிற அளவு விசையில் உள்ளே கொண்டுபோங்கள். ராடில் முட்டியதும் கைக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள், இறுக்கக் கூடாது. அங்கிருந்து அரைச் சுற்று வெளியே. இந்த அரைச் சுற்றுதான் கிளட்சின் உயிர்.

இனி லாக் நட். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுவார்கள். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிப் போய்விடும். திருப்புளியைத் திருகில் அழுத்திப் பிடித்தபடியே ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு நெம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் திருகு நகர்ந்துவிட்டது, மறுபடி செய்யுங்கள்.

பிறகு கேபிளின் கீழ் அட்ஜஸ்டரால் தொளதொளப்பை எடுங்கள். கைப்பிடியில் லிவரின் அடிப்பக்கம், அது பிராக்கெட்டோடு சேரும் இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது சும்மா ஆடும் இடைவெளி, இருக்கட்டும். லிவர் நுனியில் அளக்காதீர்கள், அங்கே பெரிதாகத் தெரியும். கைப்பிடி அட்ஜஸ்டர் கிட்டத்தட்ட உள்ளேயே இருக்கட்டும், ரோட்டில் தேவைப்படும்.

ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். ஃப்ரீ பிளே எங்கேயும் காணாமல் போகக் கூடாது. போனால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதன் வழியை மாற்றுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சூட்டில் ஒரு தடவை, மறுநாள் ஆறிய பிறகு ஒரு தடவை பாருங்கள். புதுக் கேபிள் முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும். அதைக் கீழ் அட்ஜஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து சரியாகிவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், ஓட்டுங்கள்.

செயின் கேஸைத் திறப்பதற்கு முன் எண்ணெய்

ஃப்ரீ பிளே ஒழுங்காக இருந்தும் ஸ்லிப் ஆகிறது என்றால் எண்ணெயில் சந்தேகப்படுங்கள். கார் என்ஜினுக்கு வாங்கியதில் மிஞ்சியதைச் செயின் கேஸில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் நிறைய. இப்போதைய கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். மைலேஜுக்கு நல்லது, எண்ணெயில் மிதக்கும் கிளட்சுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது இருசக்கர வண்டிகளின் ஈரக் கிளட்சுக்கான தரக்குறி. அளவு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். வண்டியை நிமிர்த்தி வைத்து, லெவல் ஸ்குரூவைக் கழற்றி, அதில் கசியும் வரை ஊற்றினால் போதும். கூடுதல் எண்ணெயும் கொழுத்த எண்ணெயும் கிளட்சை விடாமல் ஒட்டிப் பிடிக்கும்.

வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பால் காப்பி நிறத்தில் எண்ணெய் வந்த வண்டிகளை வரிசையாகப் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை எண்ணெய் மாற்றி, ரப்பர் சீலையும் மாற்ற வேண்டும். கருகிய வாடை வந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. அப்புறம் திறக்க வேண்டியதுதான்.

திறந்த பிறகு

இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்தால் செயின் கேஸ் மூடி நடுவிலுள்ள ஒற்றை நட்டில் நிற்பது தெரியும். கீழே ஒரு தட்டு வைத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். மூடி வராவிட்டால் மரக்கட்டையால் சுற்றிலும் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் நுழைத்து நெம்பினால் விளிம்பு பிளந்து, பிறகு ஆயுளுக்கும் எண்ணெய் ஒழுகும். திரும்ப மூடும்போதும் ஒழுகலுக்குப் பயந்து நட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். மூடி வளையும், ஒழுகல் கூடும். அடைப்பது ரப்பரின் வேலை.

மூடியை எடுத்ததும் முன்னால் தெரிவது ஆல்டர்னேட்டர். அதன் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை என்றால் கவலையில்லை. மினுமினுக்கும் துகள்கள் என்றால் செயினோ, கிளட்ச் பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் டிரம்மின் விரல்களோ தேய்கின்றன. பிளேட்டை மட்டும் எடுக்க ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டியதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் லிவரைப் பிடிக்கட்டும், நீங்கள் பிரஷர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பிளேட் நேராக எழும்பி வர வேண்டும். ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று தள்ளாடினால் பிளேட்டுகள் சீராகப் பிரியாது. விடாத கிளட்சுக்கு இது ஒரு பொதுவான காரணம். ஸ்பிரிங் ஸ்குரூக்களை ஒன்று மாற்றி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கண்ணாடித் தகட்டின் மேல் வரிசையாக நிறுத்துங்கள். உயரம் வேறுபட்டால் குட்டையான ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பிளேட்டுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். எந்த வரிசை, எந்த முகம் வெளியே என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ஸ்டீல் பிளேட்டை அதே கண்ணாடித் தகட்டில் வைத்து விரலால் தட்டினால் வளைவு சத்தத்தில் தெரியும். சுட்ட அப்பளம் மாதிரி ஆனதைத் தட்டி நிமிர்த்தும் வித்தை எனக்குத் தெரிந்து யாருக்கும் நிலைத்ததில்லை, மாற்றிவிடுங்கள். உராய்வுப் பிளேட் கருகாமல் வெறுமனே பளபளத்திருந்தால் எமரித் தாளைக் கண்ணாடி மேல் விரித்து லேசாகத் தேய்த்தால் பிடிப்பு வரும். எண்ணெயோடு ஈரமாகவே தேயுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, தூசி மூக்கில் ஏறக் கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது. பெட்ரோலில் கழுவுவதானால் வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். புது உராய்வுப் பிளேட்டை மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊற வையுங்கள்.

டிரம்மின் விரல்களை நகத்தால் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காது இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் லிவரைப் பிடிக்கும்போது காது பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. பள்ளம் ஆழமில்லை என்றால் தட்டை அரத்தால் சீராக்கலாம், எல்லா விரலிலும் ஒரே அளவு. ஆழமாகிவிட்டால் டிரம்மை மாற்றுவதே மலிவு. டிரம்மை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். தாராளமாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது, அல்லது நடு நட்டு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த நட்டு இருக்கும் வரை எந்த அட்ஜஸ்ட்மென்டும் ஒரு வாரம் தாங்காது.

திறந்த கையோடு, என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினையும் பாருங்கள். சுற்றிச் சுற்றி மிகவும் இறுகும் இடத்தில் வைத்து, மேலும் கீழும் சேர்த்து 6 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருக்கட்டும். கிளட்சை விடும்போது வண்டி குலுங்கிக் கிளம்புகிறது என்று வருகிற வண்டிகளில் குற்றவாளி பல சமயம் இந்தச் செயின்தான். இல்லாவிட்டால் பின்சக்கர ஹப்பிலுள்ள ரப்பர்கள்.

காலையில் ஒட்டும் கிளட்ச்

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெயோடு ஒட்டியிருக்கும். கிளப்பி முதல் கியர் போட்டால் இடி விழுந்த சத்தம். இது கோளாறு இல்லை. சாவி போடுவதற்கு முன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மூன்று நாலு தடவை மிதியுங்கள். ஒட்டிய பிளேட் பிரிந்த கணம் கிக்கர் திடீரென்று இலேசாகும். அப்புறம் லிவரை விட்டுவிட்டு வழக்கம்போல் ஸ்டார்ட் செய்யலாம். ஓடும் நேரம் முழுக்க ஒட்டினால்தான் மேலே சொன்ன சங்கதிகளைப் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது லிவர் மேல் விரலை வைத்துக்கொண்டே போவதை விடுங்கள். பார்வதிபுரத்தில் நெரிசல் என்றால் நியூட்ரலில் நில்லுங்கள், கிளட்சைப் பிடித்தபடி நிற்க வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால்

ஸ்லிப் ஆகி வண்டி ஏற்றத்தில் நின்றால் ரோட்டோரம் போய்க் கைப்பிடி அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிக் கேபிளைத் தொள தொளவென்று விடுங்கள். ராட் பக்கம் கொஞ்சமாவது இடைவெளி மிச்சமிருந்தால் அரைகுறைப் பிடிப்பு வந்துவிடும். கியர் போடக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். த்ராட்டிலை முறுக்காமல் ஓட்டுங்கள்.

கேபிள் அறுந்தால், திருகி இறுக்கும் ஸ்குரூ நிப்பிள் ஒன்று பையில் இருந்தால் போதும். ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். முனையில் அறுந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நடுவில் அறுந்து, மாற்றுக் கேபிளும் இல்லை என்றால் கிளட்ச் இல்லாமலே ஓட்ட வேண்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, இரண்டு காலாலும் உந்தி வண்டி நடக்கும் வேகம் வந்ததும் முதல் கியரைத் தூக்கிப் போடுங்கள். மேல் கியர்களுக்கு ஆக்சிலேட்டரை விட்ட கணத்தில் கியர் லிவரை அழுத்தினால் விழும். நிற்பதற்குக் கொஞ்ச தூரம் முன்பே, இரண்டிலோ மூன்றிலோ இருக்கும்போது நியூட்ரல் லிவரைக் குதிங்காலால் மிதியுங்கள். முதல் கியருக்கு இறங்கிவிட்டால் அந்த லிவர் உதவாது. தோவாளை பூச்சந்தை விடியற்காலை நெரிசலில் இதை முயல வேண்டாம், அங்கே தள்ளிக்கொண்டே போய்விடுங்கள்.

ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த வண்டியில் கியர் லிவரை அழுத்தும்போதே கிளட்சும் தன்னால் விடும்படி ஓர் ஏற்பாடு உண்டு, ஆகவே கைலிவருக்கும் கால் லிவருக்கும் சேர்த்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். இங்கே சொன்ன அரைச் சுற்றுக் கணக்கை அதில் போடாதீர்கள். யெஸ்டி வேலையை நான் எடுப்பதில்லை.